வீச்சுவலையும் பல்செட்டும்

"வலையை மாத்திடலாம், வாயை எங்க போய் மாத்துறது?"

கிள்ளானில் காப்பார் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னாலிருந்து ஓர் அம்மாவின் குரல் கேட்டது. இப்படி ஒரு பேச்சு விழுந்தால் காது தானாக நீண்டுவிடும். அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி. காலடியில் அரிசிச் சாக்கு, அதற்குள் கிழிந்த வீச்சுவலை.

"பல்செட்டு போட்டுத்தானே வீசினேன்," என்றார் அவர்.

"வீசினீங்க லா. ஓரத்தக் கடிச்சுப் பிடிச்சிருந்த பல்லும் வலையோட சேந்து ஆத்துக்குள்ள போச்சு."

"அந்தப் பல்லத் தேடித்தான் வலைய ஆத்தடியில அரிச்சு இழுத்தேன். வேர்ல மாட்டிக் கிழிஞ்சிருச்சு."

"புதுப் பல்லு ஈறுல நிக்கல. இனி எதக் கடிச்சு வீசப் போறீங்க? வலைக்கடைக்காரரு புதுசு வாங்குங்கன்னாரு, வேணாம்னீங்க. இதத் தூக்கிப் போடலாம்னா, அதுக்கும் வேணாம்ங்கிறீங்க."

அவர் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு வாங்கினா ஞாயித்துக்கெழமையே கூட்டாளிங்க முன்னால வீசிக் காட்டணும். இதத் தைக்க ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும், ஏண்ணே மீனுக்கு வரலன்னு எவனாச்சும் கேட்டா, வலை தைக்கிறேன்னு சொல்லிக்கலாம்."

பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினோம், அவர்கள் இரண்டு பேரைத் தவிர.

"தைக்கிறதுக்கு நூல் வாங்கலையே," என்று சாக்கைத் தூக்கிக்கொண்டார் அந்த அம்மா. "வாங்க, கடையைச் சாத்திடப் போறாரு."