பழைய லாரியைத் திருப்பிய கைகள்

இன்று காலை வாடிப்பட்டிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், ஐம்பதைத் தாண்டிய லாரி டிரைவர் ஒருவரும் அவரை அண்ணே என்றழைத்த இளையவர் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தனர்.

“கை செத்துப் போச்சுன்னு நெனச்சேன் மாப்ள. செத்தது பம்ப்பு.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“ஸ்டீரிங்கு நாளுக்கு நாள் கனத்துக்கிட்டே போச்சு. வயசாயிருச்சு, நமக்குத்தான் வலு போச்சுன்னு தோளுக்கு எண்ணெய் தேச்சுப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. போன வாரம் சாவிய மொதலாளிகிட்ட குடுத்துட்டேன். இனி எந்த வேலைக்குப் போறதுன்னு தெரியாம வீட்டுல உக்காந்திருந்தேன்.”

“பெறகு?”

“எளவட்டம் ஒருத்தன வச்சாரு. கெடா மாதிரி இருப்பான். எழுமலைக்குப் போற வளைவுல திருப்ப முடியாம வண்டிய நிப்பாட்டிட்டு எறங்கிட்டான். அப்பறந்தான் மெக்கானிக் கழட்டிப் பாத்திருக்காரு. ஸ்டீரிங்க லேசாக்குற பவர் ஸ்டீரிங் பம்ப்பு சுத்தமாத் தேஞ்சு கெடக்கு. ‘இம்புட்டு நாளு இதக் கையாலயா திருப்புனாரு? மனுசனா அவரு?’ன்னு கேட்டாராம்.”

“ஆத்தாடி! லோடோடயாண்ணே?”

“நெல்லு மூட்டையோட.”

“இப்ப?”

“புதுப் பம்ப்பு மாட்டியாச்சு. ஒத்த வெரல்ல திரும்புதாம். சாவிய வாங்கிக்கன்னு மொதலாளி ஆள் விட்டாரு. அங்கதான் போறேன்.”

இளையவர் டிரைவரின் முன்கையை இரு கைகளாலும் மெல்லப் பிடித்துப் பார்த்தார்.

“விடு மாப்ள, கூசுது” என்றார் டிரைவர். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.