அறுபது எபிசோடுக்கு ஒரே புண்

மைசூர், மேக்கப்காரர்களுக்கு ஏற்ற ஊர், மேடம். சென்னையில் பவுடர் போட்ட பத்தாவது நிமிஷம் கழுத்து வழியாக இறங்கிவிடும். இங்கே காலை ஒன்பது மணிக்குப் போட்ட முகம் சாயங்காலம் வரை போட்டது போட்டபடி இருக்கும். இருபத்தெட்டு வருஷமாக நான் இந்த ஊரை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம். வேறெங்கும் யாரும் கூப்பிடவில்லை, அதுதான் காரணம் என்பாள் என் மனைவி அன்னபூர்ணி. அவள் சொல்வதையெல்லாம் எழுத வேண்டாம்.

என் பெயர் பட்டாபிராமன். விஜயநகரில் ஒரு ரிடையர்ட் என்ஜினியர் வீட்டில் ஷூட்டிங் நடக்கும் கன்னட சீரியலுக்கு நான்தான் மேக்கப்மேன். என்னை யாரும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவில்லை. நடிகை பூங்குழலி உங்களிடம் கொடுத்த புகாரின் நகலை நேற்றுப் பார்த்தேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்திவிட்டுப் போகலாம் என்று நானாகத்தான் ஆட்டோ பிடித்து வந்தேன். எஸ்.ஐ. பிரதிபா மேடத்துக்குத் தமிழ் தெரியும் என்று வாசலில் சொன்னார்கள், நல்லதாகப் போயிற்று. காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

தப்பு இதுதான். 'மட்டமான மேக்கப் சாமான் போட்டதால் அலர்ஜி வந்து முகம் வெந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறது. மட்டமான சாமான். அதுவும் நான். இதைப் படித்தபிறகு எனக்கு ஒரு வாய் சாதம் இறங்கவில்லை.

உங்களுக்கு வெள்ளிக் கண் விருதைப் பற்றித் தெரிந்திருக்காது. வருஷா வருஷம் நம் பக்கத்துச் சீரியல்களுக்குக் கொடுப்பது. நடிப்பு, எழுத்து, கேமரா, எடிட்டிங், ஒலி, மேக்கப் எல்லாவற்றுக்கும் உண்டு. ஹெப்பாள் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. சிறந்த மாமியாருக்கு மட்டும் இருபது நிமிஷம் ஒதுக்குவார்கள். அந்த அம்மா ஒரு டான்ஸ் ஆடி, அழுது, மருமகளாக நடிப்பவளைக் கட்டிப்பிடித்து, இன்னொரு முறை அழுதுவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார். எங்களுக்கான தொழில்நுட்ப விருதுகளை விருந்தினர்கள் வருவதற்கு முன்பே, நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போதே, ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஒருமுறை பட்டியலை வாசித்தவர், என் பெயரைச் சொன்ன அதே மூச்சில், பந்திக்குப் பாயசம் வந்தாயிற்றா என்று மைக்கிலேயே கேட்டார்.

இருந்தாலும் விருது விருதுதானே, மேடம். மரப் பீடத்தின் மேல் இமையில்லாத ஒரு வெள்ளிக் கண், நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு ஷோகேஸில் அதற்கென்று ஒரு தட்டைக் காலியாகவே வைத்திருந்தேன். ஏழு வருஷம் என் பெயர் பட்டியலில் வந்தது. ஏழு வருஷமும் எவனெவனோ வாங்கிக்கொண்டு போனான்.

ஏழாவது வருஷம், நடுவர் ஒருவரைக் கை கழுவும் இடத்தில் மடக்கி, அப்படி என்னதான் குறை என்று கேட்டேன். நல்ல மனுஷர், பூசி மெழுகவில்லை. "பட்டாபி, நீ போடற புண் அழகா இருக்குய்யா. புண்ணு அழகா இருக்கலாமா? பாக்கறவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெக்கணும்" என்றார். அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டேன்.

பூங்குழலி கௌதள்ளிக்காரப் பெண். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஹனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம், இருபத்து நாலு வயசு. எங்கள் சீரியலில் இளைய மருமகள். ஓரகத்தி அவள் முகத்தில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றிவிடுகிறாள். ஏன் என்று கேட்காதீர்கள், எழுதியவருக்கே தெரியாது. அதன்பிறகு அறுபது எபிசோடு அந்தப் புண்ணோடு அவள் கோயில் கோயிலாகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்தால் அடுத்த சீரியலில் அவள்தான் கதாநாயகி என்று டைரக்டர் கிரண் வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாள்: "பாத்துப் போடுங்ணா. இந்த மூஞ்சிய நம்பித்தான் ஊரை உட்டு வந்திருக்கறனுங்."

"எங்கிட்ட விட்டுடும்மா" என்பேன்.

முதல் நாள் வழக்கம்போல ரப்பர் பால், டிஷ்யூ பேப்பர், சிவப்புச் சாயம். மூன்று மணி நேர வேலை. கிரண் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "பட்டாபி சார், பிரெட் மேல ஜாம் தடவின மாதிரி இதெ" என்றார், கன்னடம் கலந்த தமிழில். செட்டே சிரித்தது. பூங்குழலியும் சிரித்தாள். அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன வயசில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வரும் சலவைக்காரர், துணிக்குக் குறி போடச் சேராங்கொட்டைப் பால் வைத்திருப்பார். அது பட்டு ஒருமுறை அவர் முழங்கை கொப்புளம் கொப்புளமாக வெந்துபோயிருந்தது. ஜாம் என்று சொன்ன அன்று எனக்கு அந்த முழங்கைதான் ஞாபகம் வந்தது. அந்த நிறம், அந்த ஈரம், ஓரத்தில் சுருங்கி நின்ற தோல். டிஷ்யூ பேப்பரை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் அது வராது.

மறுநாள் மேக்கப் ஒட்டும் கம்மோடு சேராங்கொட்டைப் பால் கொஞ்சம் சேர்த்தேன். கொஞ்சம்தான். நான் அளவு தெரிந்தவன்.

"அண்ணா, இன்னைக்கு என்னமோ சுருசுருன்னு எரியுதுங்ணா" என்றாள்.

"புதுக் கம்மும்மா. பழகிடும்."

இரண்டு நாள் கழித்துத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். மேக்கப் ரூமில் என்னிடம் மட்டும் காட்டி அழுதாள். அலர்ஜி என்று வெளியே தெரிந்தால் உன்னை மாற்றிவிட்டு வேறொருத்தியைப் போட்டுவிடுவார்கள், நீ வாயைத் திறக்காதே, மேலே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பயந்துபோய் அவளும் வாயைத் திறக்கவில்லை. செட்டுக்குள் நுழைந்தாள். கேமராமேன் சீனு செட் தோசையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். மேடம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் நிஜப் புண்ணில் ஒரு பெரிய தொந்தரவு. ஆறிவிடும்.

எங்கள் தொழிலில் கன்டினியூட்டி என்று ஒன்று உண்டு. முதல் எபிசோடில் இருந்த புண் அறுபதாவது எபிசோடிலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். இவளுக்கோ இளம் உடம்பு. ஐந்தே நாளில் காய்ந்து உரிய ஆரம்பித்துவிட்டது. கொப்புளம் இடம் மாறினால் நடுவர்கள் சும்மா விடுவார்களா? அதனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை, போனில் எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்து, அதே இடத்தில் மறுபடி போட்டேன். ஒரு தடவைகூட ஓரம் பிசகவில்லை. போட்டுவிட்டு அம்போ என்றும் விட்டுவிடவில்லை. ஷூட்டிங் முடிந்ததும் நானே கற்றாழை தடவி, அட்டையால் விசிறிவிடுவேன். "உங்க கை பட்டாத்தானுங்ணா எரிச்சல் அடங்குது" என்பாள். என்னை அப்படி நம்பியவர்கள் இந்த உலகத்தில் யாரும் இல்லை.

வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அன்னபூர்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாக்கவே முடியலையே. எப்படின்னா பண்ணினேள்?" என்றாள். கல்யாணம் ஆகி அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

ஒன்பதாவது தடவை போட்டபோது பூங்குழலி எரிச்சல் தாங்காமல் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டாள். தேய்க்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், அது அவள் தப்பு. இருபது நாள் ஆஸ்பத்திரி. இடது கன்னம் கருத்து இழுத்துக்கொண்டது. இடது இமை இனி முழுசாக மூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த சீரியலுக்குக் கிரண் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார். எங்கள் சீரியலில் இளைய மருமகள் திடீரென்று காசிக்குப் போய்விட்டாள்.

போன மாதம் விழா. பாயசம் நன்றாக இருந்தது. மேக்கப் விருதைத் தருண்குமார் என்று ஒரு பெங்களூர்க்காரர் வாங்கினார், ஒரு பேய்க்கு வைத்த பல்லுக்காக. வெறும் பல், மேடம். என் வேலையைப் பற்றி நடுவர்கள் எழுதிய குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'வெந்த புண் மிகையாக இருக்கிறது. நிஜத்தில் இப்படி இருக்காது.'

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பூங்குழலியைப் பார்க்கப் போனேன். அவள்தான் புகாரின் நகலை எடுத்துக் காட்டினாள். "கேஸு உங்க மேல இல்லீங்ணா, சாமான் வித்த கம்பெனி மேலதான். உங்களைப் போயி மாட்டி உடுவனுங்களா நானு?" என்றாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அழவில்லை, இமை மூடாததால் அப்படி. தங்கமான பெண். ஆனால் என்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று என் தொழிலையே நாசமாக்கிவிட்டாள். நாளைக்கு இந்த ஊரில் ஒருத்தி என்னை நம்பி முகத்தைக் கொடுப்பாளா?

ஆகவே திருத்தி எழுதுங்கள். அலர்ஜி கிடையாது. மட்டமான சாமானும் கிடையாது. பூங்குழலியின் முகத்தில் ஒன்பது தடவை, தெரிந்தே, அளவு பார்த்து, நான்தான் போட்டேன். போட்டோ எல்லாம் என் போனில் தேதியோடு இருக்கிறது. இதோ, இது முதல் தடவை. இது ஐந்தாவது, ஓரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இது ஒன்பதாவது, கண்ணுக்குக் கீழே.

காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டீர்கள், மேடம். ரொம்ப நன்றி.