குஞ்சுகளுக்கு ஈரல்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது.  

கால்நடை கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கு ஊசி என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நாய்க்கும் பூனைக்கும் போட்டுப் பழகிய கை, வலிக்காது. கதை சொல்வதிலும் கொஞ்சம் பெயர் உண்டு. ஒரு பருந்து என் பல்செட்டைக் கொத்திக்கொண்டு போய், மறுநாள் குளத்தில் கழுவி எடுத்துவந்து ஜன்னலில் வைத்ததைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அது நடந்தது. அதை விடுங்கள்.

எங்கள் வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பருந்து ஜோடி கூடு கட்டியிருந்தது. சுள்ளி, ஒயர், யாரோ காயப்போட்ட ரவிக்கை, எல்லாம் வைத்துக் கட்டிய கூடு. உள்ளே பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள். குஞ்சு இருக்கும்போது தாய் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மாடிக்கு வருகிறவர்கள் தலையில் ஒரு தட்டு தட்டும். அதற்காக மரத்தையே வெட்டிவிடுவதென்று அசோசியேஷன் செக்ரட்டரி பரத்வாஜ் முடிவு செய்தார். மனைவி இல்லை, மகள் சிகாகோவில், தனியாக இருந்தவர். நல்ல மனிதர். வாராவாரம் என்னிடம் வைட்டமின் ஊசி போட்டுக்கொள்வார்.

அன்றைக்கும் சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டு என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். "நாளைக்குக் கார்த்தால ரம்பத்தோட ஆள் வரான் முத்துகிருஷ்ணன். உம்ம பருந்தெல்லாம் வேற ஜாகை பாத்துக்கட்டும்," என்றார்.

குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை என்று சொன்னேன்.

"அதுக்கு நான் என்ன ஓய் பண்றது? வேணும்னா நீர் மடியில வெச்சிண்டு வளரும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிழைக்காத நாய்களைத் தூங்கவைக்கும் மருந்து, கிளினிக்கில் மிஞ்சியது, ஒரு புட்டி என்னிடம் இருந்தது. பரத்வாஜ் ஊசியைப் பார்க்க மாட்டார்; எப்போதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் தூங்கினார். மறுநாள் ரம்பத்தோடு வந்தவர்களிடம், செக்ரட்டரி மகளிடம் போய்விட்டார், மரம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துப் பாருங்கள். மரமும் நின்றது, கூடும் நின்றது. யாருக்கும் தொந்தரவில்லை.

என் வீட்டில் பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பருந்துகளுக்கு நான் எப்போதுமே மாடியில் கறி போடுகிறவன். ராயப்பேட்டை மார்க்கெட்டில் கழிவை வாங்கி வருவேன். கொஞ்ச நாள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரம்பக்காரர்களைத் தவிர யாரிடமும் நான் பொய் சொல்லவில்லை. வாட்ச்மேன் கபாலி ஒருநாள் மாடிக்கு வந்து தட்டை எட்டிப் பார்த்தான்.

"இன்னா கறி நைனா இது? மட்டன் மாரி இல்லியே."

"செக்ரட்டரி," என்றேன்.

"அப்ப பல்லுல சிக்கிக்கும் நைனா. செம முத்தல் ஆளு," என்று சிரித்தபடியே இறங்கிப் போனான்.

தவறு என்று ஒன்று நடந்திருந்தால் அது ஈரலில்தான். வளரும் குஞ்சுகளுக்கு ஈரல் சத்து என்று நறுக்கிப் போட்டேன். போட்ட மருந்து ஈரலில் தங்கும். கம்பவுண்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆசையில் மறந்துவிட்டேன். தாய்ப்பருந்து கூட்டுக்குக் கொண்டுபோகும் முன் அங்கேயே சில துண்டுகளை விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து சரிந்து என் காலடியில் விழுந்தது. இறக்கை விரிந்து கிடந்தது. கண்மேல் பறவைகளுக்கு உள்ள அந்த வெள்ளைச் சவ்வு மெதுவாக ஏறி இறங்கியது. பதறிப்போய் மடியில் எடுத்துக்கொண்டேன். பரத்வாஜ் தூங்கியபோது அப்படிப் பதறவில்லை. மரத்தில் குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன.

துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, அடையாறில் பறவை டாக்டர் மஹ்விஷிடம் கொண்டுபோனேன். மருந்தின் பெயரைச் சொன்னால் நான் மாட்டுவேன், சொல்லாவிட்டால் அது சாகும். 

டாக்டர் அதன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். "எதையோ தின்னிருக்கு அங்கிள். என்னன்னு தெரியாம நான் குருட்டாம்போக்குல வைத்தியம் பண்ண முடியாது."

சொன்னேன். ஊசி போட்டுத் தூங்கவைத்த பிராணியின் ஈரல் என்றேன், மருந்தின் பெயரையும் சொன்னேன். அவர் சட்டென்று வேலையில் இறங்கினார். இரைப்பையைக் கழுவினார், ஆக்ஸிஜன் வைத்தார், பல்பைக் கிட்டே இழுத்துச் சூடு கொடுத்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "எவ்ளோ மருந்து உள்ள போயிருக்கும்னு கணக்குப் போடணும். அந்த நாய் என்ன வெயிட்?"

"எழுபத்திரண்டு கிலோ," என்றேன்.

எடை கேட்டால் எடை சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். டாக்டரின் கை நின்றது. எழுபத்திரண்டு கிலோவில் நாய் எங்கே இருக்கிறது? அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ கதை அளந்த வாய் இது. கன்றுக்குட்டி என்றாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை. பயம் வந்தால் மனிதனுக்குக் கற்பனை போய்விடுகிறது. அவர் மறுபடி குனிந்து பறவையைக் கவனித்தார். கழுவி எடுத்த துண்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடியதைப் பார்த்தேன்.

தாய் பிழைத்துவிட்டது. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். டப்பாவில் இருந்தது மனித ஈரல் என்று பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பருந்தை எங்கள் மரத்தடியில் விடும் நாளில் என்னையும் கூப்பிட்டார், போனேன். கூண்டில் நிமிர்ந்து நின்றது. டாக்டர் வைத்த கோழிக்கறி அப்படியே கிடந்தது. அது என் விரல்களைப் பார்த்தது. தலையைச் சாய்த்து, ஒவ்வொரு விரலாக. கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு உங்கள் ஜீப் வந்து நின்றபோது, உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் லஸ் முனையில் ஜீப் சிக்னலுக்கு நின்றபோது அண்ணாந்து பார்த்தேன். கூண்டைவிட்டுப் பறந்த தாய், அதன் ஜோடி, அவற்றோடு எனக்குப் பழக்கமில்லாத நிறைய பேர், ஜீப்புக்கு மேலேயே வட்டமடித்தார்கள். இப்போது உங்கள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். மாடியில் தட்டு வைத்துச் சில நாள் ஆகிறது, தேடியிருக்கும். பருந்து முகத்தை மறக்காது. நன்றியுள்ள ஜீவன், பாசத்தில் வந்திருக்கிறது.

பரத்வாஜைக் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போது மட்டும், மேலே மூடிய வண்டியாக இருக்கட்டும்.