மூணு லைஃப்

எந்த கேம் நல்ல கேம் என்று யாராவது கேட்டால் முதலில் அவன் கையைப் பார்ப்பேன். கை காய்த்துப்போனவனுக்குச் சின்ன பட்டன் சரிப்படாது. அவனுக்கு டாங்கி கேம். மேலே, கீழே, சுடு, அவ்வளவுதான். விரல் வேகமாக ஓடுகிறவனுக்கு ‘ரெண்டு ஆளு’ கேம் சொல்லுவேன். அதில் ஒருத்தன் அவசரப்பட்டால் இன்னொருத்தன் சாவான் என்பதால், கோபக்காரனையும் கோபக்காரனையும் ஜோடி சேர்க்கமாட்டேன். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவனுக்குச் செங்கல் உடைக்கிற கேம். இப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிச் சொல்லி, மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தேசப்பன் கடையில் எனக்கு ஒரு பேர் இருந்தது. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன் ஐயா.

என் பேர் அப்பாவு. வயது நாற்பத்தேழு. உப்பளத்தில் இறங்கி முப்பது வருஷம் ஆகிறது. விடியுமுன் உப்பு வார இறங்கினால், வெள்ளை கண்ணைக் குத்த ஆரம்பிப்பதற்குள் கரையேறிவிடுவோம். அப்புறம் அந்தி வரைக்கும் பொழுது நகராது. குடிக்கிறவன் குடிக்கப் போவான், படுக்கிறவன் படுப்பான். எனக்கு ரெண்டும் ஒத்துக்கொள்ளாது. சுனாமிக்கு அடுத்த வருஷம் தேசப்பன் இந்தக் கடையைப் போட்டான். ரெண்டு டிவி, ரெண்டிலும் கேசட் செருகி ஆடுகிற கேம். போன முதல் நாளே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. காரணம், அதில் மூணு லைஃப். மூணும் போனால் முதலிலிருந்து ஆடவேண்டும். கெஞ்சினாலும் கிடையாது, மேஸ்திரியைத் தெரியும் என்றாலும் கிடையாது. வெளியில் இல்லாத நியாயம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மேலே ‘இன்றைக்கு ஆட வேண்டிய கேம்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே தினமும் சாக்பீஸால் எழுதுவது நான். முப்பத்திரண்டு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன். கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்த எழுத்துக்கு வேறு வேலையே வந்ததில்லை. தேசப்பன்தான், “நீயே எழுதுண்ணா, உனக்குத்தான் கேம் தெரியுது” என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தான். ஒரு வருஷம் எழுதினேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடப் படிப்பார்கள். கேம் ஆடாதவர்களும் படிப்பார்கள். நான் எதிர்ப் பக்கம் டீக்கடையில் நின்று, அவர்கள் படிப்பதைப் பார்ப்பேன்.

புருஷோத்தமன் எங்கள் உப்பளத்தில் மோட்டார் போடுகிற ஆள். இருபத்தாறு வயது, நல்ல பையன். அவனைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. பத்தாவது வரை படித்தவன். ரெண்டு வருஷம் ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தோட்டவேலை பார்த்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைவிட ஜன்னல் வழியாக டிவி கேம் பார்த்ததுதான் அதிகமாக இருக்கும். அவன் பேச்சைக் கேட்டுத்தான் தேசப்பன் மூன்றாவதாக ஒரு டிவி வாங்கி, சிடி போடுகிற புது கேமை அதில் மாட்டினான். போன தை மாதம்.

அதில் ஒரு கேமுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் டவுன் கேம். ஒருத்தன் தொப்பி போட்டுக்கொண்டு டவுன் பூராவும் சுற்றுவான். கார் ஓட்டுவான், பீச்சில் நிற்பான். அமிர்தசாமி முதல் தடவை பார்த்துவிட்டுக் கேட்டான். அவன் எக்கியார்குப்பத்துக்காரன். கரையேறின கையோடு மீன் வாடையை இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் வருவான்.

“ஏம்பா, இதுல எங்க போவணும்?”

“எங்க வேணா போலாம்” என்றான் புருஷோத்தமன்.

“எங்க வேணா போறதுக்கு நான் போட்டுலயே போவேனே. மணிக்குப் பத்து ரூபா குடுத்து இங்க எதுக்குடா?”

“போட்டு கவுந்தா செத்துடுவ. இதுல செத்தா, சேவ் பண்ண எடத்துலேர்ந்து எழுந்து வரலாம்.”

“எத்தினி வாட்டி?”

“எத்தினி வாட்டி வேணா.”

கடையே வாயைப் பிளந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. எத்தனை தடவை செத்தாலும் எழுந்து வருவான் என்றால் அவன் எதற்கு ஜாக்கிரதையாக இருக்கப்போகிறான்? பயமில்லாத ஆட்டம் ஆட்டமா? இதைத்தான் மறுநாள் பலகையில் எழுதினேன். சுருக்கமாக, பழைய கேம்தான் கேம் என்று.

அதில் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. எங்கள் பக்கம் பழம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பயம் என்பார்கள். மழை மயைதான். அறிவொளியில் ‘ழ’ நடத்தின வாரம் எனக்கு லாரி லோடு இருந்தது, வகுப்புக்குப் போகவில்லை. வாயில் வருகிறபடியே எழுதிவிட்டேன்.

புருஷோத்தமன் பலகைக்கு முன்னால் நின்று, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி படித்தான். “பயைய கேம்தான் கேம்! ண்ணா, இது இன்னா கேம்? பயந்தவங்க ஆடுறதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தேன். அன்றையிலிருந்து எனக்குப் பயையண்ணா என்று பேர். தேசப்பன் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி அவனிடம் கொடுத்தான். “பையன் படிச்சவன், எழுதட்டும்ணா. நீ ஆடு” என்றான்.

ஐயா, ஒரு எழுத்துக்காக மனிதன்மேல் வஞ்சம் வைக்கிற அளவுக்கு நான் சின்ன ஆள் இல்லை. அந்தப் பேரைச் சொல்லி அவன் என்னை நாற்பத்திரண்டு தடவை கூப்பிட்டான். ஒரு தடவைகூட நான் முகம் சுளித்ததில்லை. பிரச்சினை கேம்தான். அவன் பலகையில் தினமும் டவுன் கேம், டவுன் கேம் என்றே எழுதினான். காய்த்த கைக்கும் அதே, கோபக்காரனுக்கும் அதே. ஆள் பார்க்காமல் சொல்வது தப்பு.

முதல் தடவை நடந்ததைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கே தெரியாது. தண்ணீர் வருகிற வாய்க்காலின் குறுக்கே ஒரு பனம்பலகை கிடக்கும். மோட்டார் போட முதலில் போகிறவன் அவன்தான். முந்தின நாள் அந்தப் பலகையின் ஒரு முனையைக் கரை விளிம்புக்கு இழுத்து வைத்தேன். கால் வைத்தான், கவிழ்ந்தான். கரைக் கல்லில் முகம் பட்டு முன்பல் ஒன்று போய்விட்டது. நான்தான் தூக்கிவிட்டேன். பகலில் கடையில் அமிர்தசாமி அவன் வாயைப் பார்த்துவிட்டு, “டேய், உனக்கு ஒரு லைஃப் போச்சுடா” என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அப்போதுதான் விஷயம் ஒழுங்காகப் புரிந்தது. ஒரு லைஃப் போனால் பாக்கி ரெண்டு. இடையில் ஆளுக்குப் புத்தி வரவேண்டும், அதற்குத்தானே மூணு கொடுக்கிறார்கள். அதனால் அன்றைக்கே அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“ஏம்பா, மனசுல கைய வச்சு சொல்லு. எந்த கேம் நல்ல கேம்?”

“டவுன் கேம்தாண்ணா” என்றான், ஓட்டைப் பல்லோடு.

பழைய கேம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் பிடிவாதக்காரன் இல்லை.

ரெண்டாவது தடவை சித்திரையில். லாரிக்கு ஏற்ற உப்பு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தோம். நிழல் கிடைக்கும் என்று அவன் அதன் ஓரத்தில்தான் சாப்பிட உட்காருவான். அடி வரிசை மூட்டை ஒன்றின் வாய்த் தையலை அறுத்துவிட்டேன். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, மேல் வரிசை அவன்மேல் சாய்ந்தது. தோள் எலும்பு முறிந்து, ஒரு மாதம் புத்தூர்க் கட்டோடு திரிந்தான். அந்த ஒரு மாதமும் அவனுக்குப் பதிலாக நான் மோட்டார் போட்டேன், அவன் கூலியை அவன் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பெண்சாதி இலக்கியா அப்போது மூணு மாதம். எனக்கு மோர் கொடுத்தாள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கும் கேட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் விளக்கமாகவே பேசினேன். டாங்கி கேமில் சுவரைச் சுட்டு வழி பண்ணுகிற அழகைச் சொன்னேன். ரெண்டு ஆளு கேமில் கடைசி ஆட்டத்துக்கு ஒற்றை லைஃபோடு போகும்போது உள்ளங்கை வேர்க்குமே, அதைச் சொன்னேன். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். அப்புறம் என் முதுகில் தட்டினான்.

“பயையண்ணா, அந்த கேமுக்கும் வயசாயிடுச்சு, உனக்கும் வயசாயிடுச்சு. ரெண்டையும் சேவ் பண்ண முடியாது.”

நாற்பத்திரண்டாவது தடவை அதுதான். கடை சிரித்தது. அவன் பேசுவது எப்போதும் தமாஷாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை.

எங்கள் மோட்டார் கொட்டகையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பு. உப்புக் காற்று தின்று தின்று அதில் எப்போதும் கொஞ்சம் கரண்ட் இறங்கும். எங்கள் கையோ எப்போதும் உப்பீரம். அதனால் யாரும் விரலால் தொடமாட்டோம். ஆணியில் ஒரு வேலிக்காத்தான் கொம்பு தொங்கும், நல்ல காய்ந்த கொம்பு. அதால் பட்டனை அழுத்துவோம். அந்தக் கொம்பை நம்பித்தான் இத்தனை வருஷமாக அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறோம். அதை யாரும் அடுப்புக்கு எடுக்கமாட்டார்கள், நாயைக்கூட அதால் விரட்டமாட்டார்கள்.

ஆடி மாதம் அந்தக் கொம்பை எடுத்து, பாத்திக்கு விடுமுன் தண்ணீரைத் தேக்கி வைக்கிற தெப்பத்தில் முற்றின உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டேன். அதன் இடத்தில் வேறொரு கொம்பைத் தொங்கவிட்டேன், மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதே. எட்டு நாள் ஊறினது. வெயிலில் காயவைத்ததும் பார்வைக்கு முன்பு மாதிரியே இருந்தது. ஒரு நாள் அந்தியில் எல்லாரும் போன பிறகு அதைப் பழையபடி ஆணியில் மாட்டினேன். ஆனால் உப்பு ஏறின கட்டை காய்ந்தமாதிரிதான் தெரியும். விடியற்காலை ஈரக்காற்று பட்டால் உள்ளேயிருந்து வேர்க்கும். இது உப்பளத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவன் கொஞ்சம் தடவிப் பார்த்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும். சேவ் பண்ணி ஆடிப் பழகினவன், தடவிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டனை அழுத்தினது அவன் கை. நான் அப்போது நாலு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. மோட்டார் மட்டும் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் வந்தது. பாத்தி நிறைந்து வரப்பு வழிந்த பிறகும் அதை நிறுத்த யாரும் வரவில்லை என்றுதான் மற்றவர்கள் போய்ப் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் எல்லாரும் பெட்டியைத்தான் குறை சொன்னார்கள். கொம்பை யாரும் பார்க்கவில்லை. எடுப்பில் நான் முன்னால் நின்று தோள் கொடுத்தேன். இலக்கியாவுக்கு இப்போது ஆறு மாதம். என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி பொறுமையா யாருண்ணா அவருக்குப் புத்தி சொன்னாங்க” என்று அழுதாள். அவள் சொன்னது சரி. மூணு தடவை யார் சொல்வார்கள்?

அடக்கம் முடிந்து மறுநாள் கடைக்குப் போனேன். தேசப்பன் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் சாக்பீஸ். நான் கையை நீட்டினேன்.

“வேணாம்ணா” என்றான் மெதுவாக. “சாவு விஷயம். இன்னிக்கு நானே எழுதிடுறேன். தப்பு கிப்பு வந்தா நல்லா இருக்காது.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் நியாயமாகத்தான் சொன்னான், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே போனேன். அமிர்தசாமியும் இன்னும் நாலு பேரும் டவுன் கேமைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“அவன் சேவ் பண்ணி வச்ச எடத்துலேர்ந்து ஆடுறோம்ணா” என்றான் அமிர்தசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அழிக்க மனசு வரல. பாரு, நம்ம புருஷோத்தமன் எப்டி நடக்குறான்.”

தொப்பி போட்டவன் பீச்சில் நடந்துகொண்டிருந்தான். வண்டி இடித்துச் செத்தான். எழுந்தான். மறுபடியும் நடந்தான். அதற்கும் கை தட்டினார்கள். டாங்கி டிவி அணைந்து கிடந்தது, அதன்மேல் யாரோ டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

இருபது நாள் பொறுத்தேன். பலகையை அழித்து எனக்குக் கொடுப்பான் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. மரியாதைக்கு அப்படியே விட்டிருக்கிறார்களாம். தினமும் டீக்கடையில் நின்று, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் படிப்பதைப் பார்க்கிறேன். ‘எங்கள் அன்பு நண்பர் புருஷோத்தமன் எதிர்பாராத விபத்தில் காலமானார்.’ எழுத்துக் கூட்டிக் கூட்டி நானும் பலதடவை படித்துவிட்டேன். எழுத்தெல்லாம் சரி, விஷயம்தான் தப்பு. எதிர்பாராதது இல்லை, ஆறு மாதமாக எதிர்பார்த்தது. விபத்தும் இல்லை. நான் செய்தது.

வேறு எந்தக் காரணத்துக்காகவும் நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை ஐயா. நாலு பேர் படிக்கிற இடத்தில் தப்பாக ஒரு வரி நிற்கக்கூடாது, அவ்வளவுதான். எங்கே கூட்டிப்போவதாக இருந்தாலும் ஜீப்பைக் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். சாக்பீஸ் நானே வாங்கி வைத்திருக்கிறேன்.