காயாத சிவப்புத் துணி

இரும்புச் சாமானைக் கழுவித் துடைத்தால் போதும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மரக்காணத்தில் அது போதாது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், வெயிலில் வைக்க வேண்டும், பிறகு எண்ணெய் போட வேண்டும். நான் உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவன். மோட்டாரில் வடித்த பழைய ஆயிலைத் துணியில் தோய்த்துத் தேய்ப்பேன். என் மண்வெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை வாங்கியது என் கல்யாணத்துக்கு முன்பு.

நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்பது எனக்கு வசதியாக இருக்கிறது. வீட்டில் நான் இவ்வளவு பேசியதில்லை.

புரட்டாசி முடிவில் உப்பளத்தில் வேலை குறைந்துவிடும். மழைக்கு முன்னால் அவரவர் வீட்டை அவரவர் பார்ப்பார்கள். கூரை ஷீட்டின் விரிசலுக்குத் தார் வைப்பது, முருங்கைக் கிளையைக் கழிப்பது, வாசலுக்கு மண் அணைப்பது. எங்கள் தெருவில் அதற்கான சாமான் எல்லாம் இருப்பது என்னிடம்தான். கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

உப்பளத்தில் ஒரு பழக்கம் உண்டு. இங்கே துரு உள்ளுக்குள் தின்னும், வெளியே தெரியாது. அதனால் சாமானில் எங்கே கோளாறோ அங்கே ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். துணி இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். இல்லாவிட்டால் நம்பி எடுப்பார்கள். வீட்டுச் சாமானுக்கும் அதே வழக்கம்தான்.

சிங்காரம் என் பக்கத்து வீடு. உப்பு வாருகிறவன். நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அவன் கொண்டுபோன சாமான் எதுவும் போனபடி திரும்பி வந்ததில்லை. ரம்பம் பல் உடைந்து வந்தது. டிரில் மிஷின் உப்புத் தண்ணீரில் விழுந்து வந்தது. கேட்டால் சிரிப்பான். இரவல் தராதே என்று ஞானாம்பாளிடம் சொல்லிப் பார்த்தேன். “பக்கத்து ஊடு. கேட்டா இல்லேன்னு எப்பிடிச் சொல்றது?” என்றாள். ஞானாம்பாள் என் மனைவி.

போன வாரம் நான் வாசலில் கடப்பாரைக்கு ஆயில் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வேலியோரம் நின்று பார்த்தான்.

“இன்னாண்ணே, எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறியா? அப்பிடியே பொட்டு வெச்சுப் பூவும் வெச்சிடு.”

ஞானாம்பாள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. “நல்லாக் கேளு சிங்காரம்,” என்றாள். நான் கோபப்படவில்லை. மிச்சமிருந்த ஆயிலையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அடுத்த நாள் ஏணிக்குப் பெயிண்ட் அடித்தேன். இரும்பு ஏணி. மேலிருந்து மூன்றாவது படியில் வெல்டிங்கைத் துரு தின்றிருந்தது, அங்கே சிவப்புத் துணி கட்டியிருந்தேன். துணியோடு பெயிண்ட் அடிக்க முடியாது. கழற்றினேன். துரு விட்ட ஓட்டையில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட் சில்வர் அடித்தேன். புதிது மாதிரி ஆகிவிட்டது. துணி அழுக்காக இருந்தது, துவைத்துக் கொடியில் போட்டேன். வானம் மூடியிருந்ததால் அது காய நேரமாயிற்று.

அவன் வீட்டுச் சுவரோரம் என்னுடைய மணல் கொஞ்சம் குவிந்து கிடந்தது. அதையும் அள்ளி என் வாசலுக்கு அணைத்தேன். மழை வரப்போகிறதே. மணல் போன பிறகு அங்கே துவைக்கிற கல் மட்டும் இருந்தது.

புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன அன்று காலையில் சிங்காரம் வந்தான். கையில் தார் டப்பா. ஏணியைச் சுவரிலிருந்து எடுத்தவன் உடனே கொண்டுபோகவில்லை. கீழிருந்து மேல்வரை கையால் தடவிப் பார்த்தான். அவன் எதைத் தேடினான் என்று எனக்குத் தெரியும்.

“துணி ஒண்ணும் காணோம். நல்லாத்தானே இருக்குது?”

“பெயிண்ட் அடிச்சிருக்கேன்,” என்றேன்.

அது உண்மை. நான் அவனிடம் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் ஏறியதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். பாஞ்சாலை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவன் பெண்டாட்டி. ஞானாம்பாளும் கூடப் போயிருந்தாள். படி முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. கல்லில் அவன் முதுகு பட்ட சத்தம்தான் கேட்டது.

நான் போனபோது நினைவோடுதான் இருந்தான். “அண்ணே, காலு மரத்துப் போவுது. யாரையாச்சும் கூப்புடேன்,” என்றான். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. ஏணி அவன் மேல் சாய்ந்து கிடந்தது, முழுக்கத் தார். முறிந்த இடத்தில் இரும்பு திறந்திருந்தது, கடல் காற்று வேறு. ஏணியை என் வீட்டுக்கு எடுத்துப்போய், தாரை மண்ணெண்ணெயில் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, முறிவில் ஆயில் வைத்தேன். அவன் இரண்டு முறை கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை. அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். போன் செய்தது நான்தான். புதுச்சேரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

ஞானாம்பாள் அந்தத் துணியைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்ததும், இன்று காலை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததும், நீங்கள் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் படி தாங்காது என்று எனக்குத் தெரியும். அவன் ஏறுவான் என்றும் தெரியும். அதற்காகத்தான் துணியைக் கழற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவனை அடக்கம் செய்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பாஞ்சாலை வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. வாய்க்கால் வெட்ட மண்வெட்டி கேட்டு நனைந்துகொண்டே வந்து நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். “புடி கொஞ்சம் ஆடுது, பாத்து வெட்டும்மா,” என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். குறையைச் சொல்லாமல் ஒரு பொருளை இரவல் கொடுக்கிற ஆள் இல்லை நான்.