சேணத்துக்கு அடியில் ஓர் அடுக்கு

இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்கால் ஒன்று குட்டை. ஓர் அட்டையை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. குதிரைச் சேணத்துக்கு மெத்தை அமைப்பவன் நான். யார் எதில் உட்கார்ந்தாலும் அதன் அடியில்தான் என் கண் போகும்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் தோல் துண்டு என்னுடையதுதான். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் என்னைக் கெட்டவன் என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

சவாரிப் பள்ளி முதலாளியம்மா ஒரு பெண் குதிரைக்காக என்னைக் கூப்பிட்டார். சீமாட்டி என்று அதற்குப் பட்டப்பெயர். இடது தோள் பருத்திருந்ததால் சேணம் வலப்பக்கம் சரிந்தது. முழுவதும் தடித்த மெத்தை போட்டால் இறுக்கிப் பிடிக்கும் என்று சொல்லி, சேண மெத்தையின் வலது முன் உறையில் மட்டும் ஓர் அடுக்கு கம்பளி வைத்தேன். ஒரே நாள் வேலை. சீமாட்டி ஒய்யாரமாக நடந்தாள்.

முதலாளியம்மா தேநீர் கொடுத்தார். "நீங்க கை வெச்சா போதும்ணே, இவ அடங்கிடுறா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த 'அண்ணே'யை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும் முன் இன்னோர் அடுக்கைச் செருகிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே கூப்பிட்டார்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கினால் குதிரையின் முதுகு வியர்த்திருக்கும். நடுவே உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். நான் உண்டாக்கிய காய்ந்த இடத்தை நானே தொட்டுக் காட்டுவேன். "எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்று முதலாளியம்மா வாயைப் பிளப்பார். ஓர் இடத்தைச் சரிசெய்து இன்னோர் இடத்தை மிச்சம் வைத்துவிட்டு வருவேன். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி ஓடியது. சந்தோஷமாக இருந்தேன். சீமாட்டிக்கு மட்டும் அழுத்திய இடங்களில் வெள்ளை முடி முளைத்தது.

பிறகு அவள் கிட்டே வருபவரையெல்லாம் கடிக்க ஆரம்பித்தாள். முதலாளியம்மா பயந்துபோய் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். மருத்துவர் நல்ல மனிதர், முன்வழுக்கை. களிம்பு தடவ வந்தவர் தேநீருக்கும் உட்கார்ந்தார். ஒரு நாள் நான் சேண வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து முதலாளியம்மா அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"என்னங்க, டீ ஆறுது."

அதுவரை அவர் 'டாக்டர்'. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கல்யாணம் முடிந்தது. சீமாட்டிக்கும் முதுகு தேறியது. நான் ஒழுங்காக வேலை செய்தால் தேறாமல் என்ன? தானே ஏறிப் பார்ப்பதாக மருத்துவர் சொன்னார். "நீங்களே சேணத்தைப் போடுங்கண்ணே, உங்கள நம்பித்தான் இவர ஏத்துறேன்" என்றார் முதலாளியம்மா.

போட்டேன். கம்பளி இருந்த இடத்தில், முனை கீழே பார்க்க மடித்த தோல் துண்டு. ஆள் உட்காராத வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. அந்த வகையில் பார்த்தால் அவர் உட்கார்ந்ததுதான் காரணம்.

வேலிக் கம்பத்தின்மேல் விழுந்தார். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராதாம். சீமாட்டியை முரட்டுக் குதிரை என்று விற்றுவிட்டார்கள். அவளை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆனால் பாருங்கள், அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் முதலாளியம்மா முதலில் தேடியது என்னைத்தான். "ஒரே இடத்துல உக்காந்தா புண்ணு வந்துடுமாம்ணே. எங்க அழுத்துதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று அழுதார். சக்கர நாற்காலிக்கு நானே மெத்தை தைத்தேன். அடியில் நுரை, மேலே கம்பளி; நேர்த்தியான வேலை. குதிரையாவது துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். இவருக்கு வலியே தெரியாது. அதனால் இடது பக்கம் ஓர் அடுக்கு மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன். இந்த வாரமே கூப்பிடுவார்.

இந்த நேரம் பார்த்து என்னை உள்ளே வைத்துவிட்டால் எப்படி ஐயா? பாவம் அந்த அம்மா, என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?