மரத்துப்போன வலது கை

ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைப்பதற்கு முன், அதற்குத் தடவும் ஜெல்லைக் கொஞ்ச நேரம் என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். சில்லென்று பட்டால் நோயாளி துள்ளிவிடுவார். பத்தொன்பது வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

என் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து தோள் சரியானதும் வேறு ஊருக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். தனியாகத்தான்.

"உங்க மேல கோவம் இல்லைங்க. இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன்.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் ஊசி போடுவதில்லை. அவள்தான் விடவில்லை. "நீங்களே போடுங்க. தெரியாத கை எதுக்கு?"

தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள், கழுத்தோரத்தில் ஸ்கேன் கருவியை வைத்தால், திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்பு வட்டங்களாகத் தெரியும். மருந்தை அவற்றைச் சுற்றித்தான் விட வேண்டும். அரை நாள் கை மரத்திருக்கும், பிறகு தெளிந்துவிடும். ஊசி நரம்புக்குள் போனால் கதை வேறு.

நான் ஊசியை நரம்புக்குள்ளேயே செலுத்தினேன்.

"ஏங்க, விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குது" என்றாள். விழித்துத்தான் இருந்தாள்.

"அப்படித்தான் இருக்கும். அசையாதே."

பக்கத்தில் நின்ற நர்ஸ் திரையைப் பார்த்தார். "சார், நரம்பு வீங்குதே?"

"படம் சரியில்லை" என்றேன். மருந்து முழுவதையும் செலுத்தி முடித்தேன்.

மூன்றாம் நாளும் அவளால் வலது கையைத் தூக்க முடியவில்லை. "பயமா இருக்குங்க" என்றாள். லட்சத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றேன். நம்பினாள். அந்த ஊர் வேலைக்கு வர முடியாது என்று போனில் சொன்னாள். போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அதன் பிறகு ஐந்து மாதம். தலை வாரிவிட்டேன், பொத்தான் போட்டுவிட்டேன், சோறு ஊட்டினேன். ஒரு தடவை என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருப்பேன்" என்று அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை.

நர்ஸ் வீட்டுக்கு வந்தது நான் இல்லாத நேரத்தில். பொறுக்க முடியாமல் சொல்லியிருக்கிறார். அன்றே என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேண்டுமென்றேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவள் கொடுத்த புகாரை நேற்று நீங்கள் என்னிடம் காட்டினீர்கள். இடது கையால் எழுதியிருக்கிறாள். தாள் நழுவி நழுவி, வரிகளெல்லாம் கோணலாகப் போயிருக்கின்றன. பக்கத்தில் நான் இருந்திருந்தால் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.